மூன்று நிமிடப் படத்துக்கு ரேட் எவ்வளவு சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஆறு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தங்கள் தொழிற்சாலையைப் பற்றி மூன்று நிமிடப் படம் கேட்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டுமாம். நிமிடத்துக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள், கையைக் கடிக்கும். படம் மூன்று நிமிடம்தான், ஆனால் உங்களுக்கு எத்தனை நாள் போகும் என்று எண்ணிப் பாருங்கள். இடம் பார்க்க ஒரு நாள், ஸ்கிரிப்ட் எழுதி ஓகே வாங்க இரண்டு நாள், ஷூட்டிங் இரண்டு நாள், எடிட்டிங் ஆறு நாள், கரெக்‌ஷனுக்கு இரண்டு நாள். மொத்தம் 13 நாள்.

உங்கள் ஒரு நாளின் விலை என்ன? வீட்டுச் செலவு, ஆபீஸ் வாடகை, கேமரா தவணை, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 66,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளும் காசு வருவதில்லை. பில் போடும்படியான வேலை 12 நாள் இருந்தால் பெரிது. ஆக, ஒரு நாளைக்கு 5,500; 13 நாளுக்கு 71,500. நீங்கள் நினைத்த 45,000 உங்கள் உழைப்புக்கே போதவில்லை.

அப்புறம் வெளிச்செலவு. இரண்டாவது கேமராமேன், லைட் வாடகை, இரண்டு மொழிக்கும் வாய்ஸ் ஓவர், லைசென்ஸ் வாங்கிய இசை, வண்டி, சாப்பாடு, பேட்டா. இதற்கு 40,000 வையுங்கள். கூட்டினால் 1,11,500. இதன் மேல் எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம், அதற்கும் மேல் லாபம் இருபது சதவீதம் போட்டால் ஏறக்குறைய 1,47,000 வரும். உங்கள் ஊர் வாடகைக்கும் சம்பளத்துக்கும் தகுந்தபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறையை மாற்றாதீர்கள்.

அந்தப் பத்து சதவீதத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு முறை ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றும் காட்சிக்காகக் காலை எட்டு மணிக்கே லைட் கட்டி நின்றோம். உலை தயாரானபோது மணி மூன்று. அன்று எடுக்க வேண்டிய எம்.டி. பேட்டி மறுநாளைக்குப் போனது. ஒரு நாள் லைட் வாடகையும் ஆட்கள் சம்பளமும் என் கையிலிருந்து போயின. இடம் பார்க்கப் போகும்போதே எந்த மெஷின் எப்போது ஓடும் என்று ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் சத்தம் கேட்காத அறை ஒன்றையும் பேட்டிக்குப் பார்த்து வையுங்கள்.

லாபத்தை அதிகமாகத் தின்பது கரெக்‌ஷன்தான். மேனேஜர் ஓகே சொன்ன படத்தை அதன் பிறகு முதலாளி பார்ப்பார், அவர் தம்பி பார்ப்பார். எனக்கு ஒரு படம் பதினோரு முறை திரும்பி வந்திருக்கிறது. "இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் நாளொன்றுக்கு இவ்வளவு, ஓகே சொல்ல வேண்டியவர் இவர் ஒருவர்" என்று கோட்டேஷனிலேயே எழுதுங்கள். ஃபுட்டேஜ் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்பதுதான் நம் நாட்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம்.

பணத்தை அட்வான்ஸ் பாதி, ஷூட்டிங் முடிந்ததும் முப்பது சதவீதம், மீதி ஃபைனல் ஃபைல் கொடுக்கும் முன் என்று வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துவிடுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதத்தைத் தனியாகக் காட்டுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அந்தப் பதிவு கட்டாயம். கம்பெனி டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தரும். அது உங்கள் வருமானவரிக் கணக்கில் வரவாகும், பயப்பட வேண்டாம்.

"ஒரு லட்சத்துக்கு முடித்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். "சரி சார், ஷூட்டிங்கை ஒரே நாளில் முடிக்கலாம், ஆங்கிலத்துக்கு வாய்ஸ் இல்லாமல் சப்டைட்டில் மட்டும் போடலாம். அப்படியென்றால் எவ்வளவு குறையும் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.