சஃபாரிக்கு எந்த நாடு? முதலில் எந்த மாதம் என்று சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இந்த ஆண்டு அறுபதாம் கல்யாணம் முடிந்தது. சிங்கத்தைக் காட்டில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்பச்சி, ஆத்தா, நான், என் மனைவி என நான்கு பேர். கையில் 12 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன், விமானம் உட்பட. மனைவி பள்ளி ஆசிரியை, விடுமுறையில்தான் வர முடியும். ஆத்தாவுக்கு முழங்கால் வலி உண்டு. கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா மூன்றையும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எதற்குப் போகலாம்?
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நாட்டின் பெயரைவிட முக்கியமான வரி, மனைவி ஆசிரியை என்பது. ஆப்பிரிக்காவில் மாதம் மாறினால் காடே மாறிவிடும். விலையும் மாறும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவிலும் வட தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம். விடுதிகள் அப்போது விலையைக் குறைக்கும். ஆனால் கரிசல் மண்ணில் வண்டி சிக்கினால் இன்னொரு வண்டி வந்து இழுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை அந்தக் குலுக்கலில் கூட்டிப்போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெற்கே, தென்னாப்பிரிக்கப் பக்கம், அந்தக் கணக்கு தலைகீழ். அங்கே கோடையில் பெய்யும் மழை ஏப்ரலோடு ஓய்கிறது. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. புல் காய்ந்து தாழும், குட்டைகள் வற்றும், விலங்குகள் மிச்சமிருக்கும் நீரைத் தேடி ஆற்றங்கரைக்கு வரும். பார்க்கிறவருக்கு அதுதான் வசதி. ஆகவே உங்கள் குடும்பத்துக்கு என் பதில்: மே மாதம், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. மே முதல் வாரத்தைவிடக் கடைசி வாரங்கள் மேல். புல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

க்ரூகர் ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய காட்டுக்குள் நல்ல தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு அது. தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40. தங்குவதற்குப் பூங்காவின் சொந்த முகாம்களே இருக்கின்றன: ஸ்குகுசா, லோயர் சபி, சட்டாரா, ஒலிஃபன்ட்ஸ் என்று. குடில்கள் பலவற்றில் சமையல் வசதியும் உண்டு. ஆத்தாவுக்கு மூன்று வேளையும் ரொட்டியும் சீஸும் இறங்காது என்றால், ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியின் இந்தியக் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலா வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

யாரும் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. கழிப்பறை முகாம்களிலும் குறிப்பிட்ட உணவருந்தும் இடங்களிலும்தான். வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். நான் போனபோது காலையிலேயே வரைபடத்தில் அந்த இடங்களை வட்டமிட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வருகிற மாதிரி வழியை வகுத்தேன். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் இந்த வசதியும் குறைவு. புதர் மறைவுதான்.

லோயர் சபி முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் அணை என்று ஒரு நீர்நிலை, சாலையை ஒட்டி இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நீருக்குள் பாறை என்று நினைத்திருந்தது காதை ஆட்டியது: நீர்யானை. அதன் முதுகில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. கரையில் மரக்கட்டை போலக் கிடந்த முதலை வாயைத் திறந்து வைத்தபடி அசையவே இல்லை. இம்பாலா மான்கள் முன்னங்காலை மடக்காமல், விரித்து, ஒரு வாய் குடிப்பதும் தலையைத் தூக்குவதுமாக இருந்தன. அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் தனியாகக் காசு கேட்கவில்லை. மேயிலிருந்து ஜூலை வரை மாலை ஐந்தரைக்கு முகாம் கதவு மூடிவிடும் என்பதால்தான் மனமில்லாமல் கிளம்பினோம். நேரம் தவறினால் அபராதம்.

சிங்கம்? உறுதி யாராலும் தர முடியாது. தருகிறவரை நம்பாதீர்கள். ஆனால் தெற்குப் பகுதியில் விலங்கு நெருக்கம் அதிகம். ஸ்குகுசாவுக்கும் லோயர் சபிக்கும் நடுவே சபி ஆற்றோரம் போகும் சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. சட்டாரா சுற்றுப்புறம் சிங்கத்துக்கு. லோயர் சபியில் மூன்று இரவு, சட்டாராவில் இரண்டு இரவு, இடையில் ஒரு நாளாவது பூங்காவின் சொந்த வண்டியில் வழிகாட்டியோடு விடியற்காலைச் சுற்று. அவர்கள் முகாம் கதவு திறக்குமுன்பே கிளம்புவார்கள். விடிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

இனி ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். விமானம் ஆளுக்கு முக்கால் லட்சம் என்று வைத்தால் 3 லட்சம். க்ரூகர் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 500 ராண்டைத் தாண்டும், நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய் அளவில். நான்கு பேர், ஐந்து நாள், 60,000 ரூபாய். இதே நான்கு பேர் கென்யாவின் மாசாய் மாராவில் மூன்று நாள் என்றால்? அங்கே 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மூன்று நாளுக்கு 1,200 டாலர் அல்லது 2,400 டாலர். மாதம் மாறியதற்காக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இது நுழைவுச்சீட்டு மட்டும். வண்டியும் விடுதியும் தனி. க்ரூகர் என்றால் உங்கள் 12 லட்சத்தில் கார், முகாம், சாப்பாடு எல்லாம் போக ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ இரண்டு மூன்று நாள் நிற்கவும் இடமிருக்கும்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. தான்சானியாவில் செரங்கெட்டியும் இங்கொரொங்கொரோவும் மனதை நிறைக்கும் இடங்கள்தான். ஆனால் இங்கொரொங்கொரோ பள்ளத்துக்குள் இறங்க ஒவ்வொரு வண்டிக்கும் வரி உட்பட 300 டாலரை ஒட்டித் தனிக்கட்டணம் உண்டு, ஆள் நுழைவுக் கட்டணம் வேறு. போட்ஸ்வானா கூட்டத்தைக் குறைத்து விலையை உயர்த்தும் கொள்கை உள்ள நாடு. நடுத்தரச் செலவுக்கு அடங்காது. நமீபியாவின் எட்டோஷாவில் ஒகௌகுவேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவில் விளக்குப் போட்டிருப்பார்கள், நாற்காலியில் உட்கார்ந்தே காண்டாமிருகம் பார்க்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் தூரம் அதிகம். கொரில்லா ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அனுமதிச்சீட்டு மட்டும் ஆளுக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. மலையேறிப் போய் ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஆத்தாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

மூன்று நாட்டையும் ஒரே பயணத்தில் சேர்த்து அகலக்கால் வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்க விசா கையில் வரும்வரை திரும்பப் பணம் தராத விமானச் சீட்டை வாங்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். முகாம் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பூங்கா நிர்வாகத்தின் தளத்திலேயே நேரடியாகப் பதியலாம், இடைத்தரகர் தேவையில்லை. க்ரூகர் மலேரியா உள்ள பகுதி, மே மாதத்தில் குறைவு என்றாலும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் என் தங்கையும் பிப்ரவரியில் கென்யா போகிறோம். ஒரு பயண நிறுவனம் ‘ஏழு இரவு எட்டு பகல், அம்போசெலி, நகுரு, மாசாய் மாரா, எல்லாம் உட்பட ஆளுக்கு 2.40 லட்சம்’ என்கிறது. முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பிப்ரவரி நல்ல தேர்வு, ஆச்சி. மழை இல்லை, மாராவில் குறைந்த கட்டணக் காலம். வில்டபீஸ்ட் என்னும் மாட்டைப் போன்ற மான்களின் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். அதைப் படமாகப் போட்டு பிப்ரவரிப் பயணத்தை விற்றிருந்தால், அந்த நிறுவனத்தை அங்கேயே சந்தேகியுங்கள். அந்த மாதத்தில் கூட்டம் தெற்கு செரங்கெட்டியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும்.

‘எல்லாம் உட்பட’ என்ற சொல்லில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ‘மாராவில் மூன்று நாள்’ என்று தாளில் இருந்தது. முதல் நாள் நைரோபியிலிருந்து நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரச் சாலை. போய்ச் சேர்ந்து சாப்பிட்டபோது மூன்றரை. மூன்றாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டியாயிற்று. முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதுவும் ஏழு பேர் ஏறிய வேனில் நடு இருக்கை. சிங்கம் வலப்பக்கம் இருந்தபோது எனக்குத் தெரிந்தது முன்னாலிருந்தவரின் தொப்பி. முழுதாக எத்தனை நாள், வண்டியில் எத்தனை பேர் என்று பணம் கட்டுமுன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே எழுத்தில் வாங்குங்கள்: வண்டி லேண்ட் க்ரூஸரா வேனா, அதில் மொத்தம் எத்தனை பேர், ஆளுக்கொரு ஜன்னல் இருக்கை உறுதியா. மாராவின் நுழைவுச்சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை 12 மணி நேரம். எத்தனை சீட்டு விலையில் அடங்கியிருக்கிறது, கிளம்பும் நாளுக்கும் உண்டா என்று எண்ணிக் கேளுங்கள். விடுதி பூங்காவுக்குள்ளா வெளியிலா, பெயர் என்ன? ‘அல்லது அதற்கு இணையானது’ என்று எழுதியிருந்தால் இணையானதன் பெயரையும் கேளுங்கள். ஓட்டுநருக்கான அன்பளிப்பு பெரும்பாலும் விலையில் சேராது. வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் அளவில் தனியாக எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு வந்திருக்கும் திட்டத்தைப் பார்த்தால் எனக்கு நுனிப்புல் மேய்கிற மாதிரித் தெரிகிறது. அம்போசெலி தான்சானிய எல்லையோரம், மாரா மேற்கே. மூன்று இடத்துக்கும் சாலையிலேயே போனால் பகல் பாதி வண்டியில் கழியும். நகுருவை விட்டுவிட்டு அம்போசெலியில் இரண்டு இரவு, மாராவில் நான்கு இரவு கேட்டுப் பாருங்கள். அம்போசெலியில் யானைக் கூட்டத்துக்குப் பின்னால் கிளிமஞ்சாரோ தெரிவது விடிகாலையில்தான், பத்து மணிக்கு மேகம் மூடிவிடும். அதற்காகவே இரண்டு விடியல் வேண்டும்.

வரி: வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு நிறுவனம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். அது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் இன்றைய விகிதத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். பான் எண் கேட்காமல் ‘வரி’ என்று மொத்தமாக வாங்குகிறவரிடம் ரசீதில் டிசிஎஸ் தொகையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ரத்துச் செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கேள்வி: ஆப்பிரிக்கா போனால் ஊசி கட்டாயமா? பலகாரம் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கென்யா, உகாண்டா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து திரும்புகிறவரிடம் நம் விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். தென்னாப்பிரிக்கா இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விலை மலிவு என்று நைரோபி, அடிஸ் அபாபா வழியாகச் சீட்டு எடுத்தால் அங்கே இறங்கி மாறுவதே சான்றிதழ் கேள்வியைக் கொண்டுவரலாம். கோட்டையூர்த் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும்: அப்பச்சிக்கு ஊசி வேண்டாமென்றால் துபாய் அல்லது தோஹா வழி.

பலகாரத்துக்குத் தடையில்லை, பாலிதீனுக்குத்தான் தடை. கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டன. கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் பாட்டிலும் கூடாது. சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம் எதுவானாலும் மூடி இறுகும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுச் சிறு விமானத்தில் மாராவுக்குப் பறப்பதாக இருந்தால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடியக்கூடிய பையாக இருக்க வேண்டும். சம்படத்தின் எடையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.