திராட்சைக் கொடியும் குத்தகை ஆண்டுகளும்

அன்புள்ள ஐயா,

தென்பிரான்சின் லாங்டாக் பகுதியில் ஒரு குடும்பம் இயற்கை முறையில் நடத்தும் ஒயின் தோட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் சிங்கப்பூரில், ஊட்லண்ட்ஸில் வசிக்கிறேன். மதுபான இறக்குமதிக் கிடங்கு ஒன்றில் வேலை. நீங்கள் வியந்து எழுதும் போத்தல்கள் என் கை வழியாகத்தான் பேரங்காடிகளுக்குப் போகின்றன.

சொந்த ஊர் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குப் பக்கம். அப்பா பன்னீர் திராட்சை போட்டவர். பயிருக்கு அடிக்கும் மருந்துக்கே கடன் வாங்கினார். பாகப்பிரிவினையில் எங்களுக்கு வந்த பங்கையும் விற்றாகிவிட்டது. தம்பி இப்போது ஓர் ஏக்கர் பந்தலை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். உங்கள் கட்டுரையை அவனுக்கு அனுப்பினேன். “நாமும் மருந்தை நிறுத்திவிடலாமா? நீ மூன்று வருடம் பணம் அனுப்புவாயா?” என்று கேட்கிறான்.

அந்தக் குடும்பம் மண்ணைக் காப்பாற்றியவர்கள், என் அப்பா மண்ணைக் கெடுத்தவர் என்பதுபோல் எனக்குப் பட்டது. மனது வலித்தது. ஒரு போத்தல் 45 வெள்ளி. பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தானே இது? இதைக் குடித்தால் தலைவலி வராது என்று வேறு சொல்கிறார்கள். உண்மையா? தம்பிக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பா மண்ணைக் கெடுத்தவர் அல்லர். இருவரும் வளர்த்தது திராட்சைதான், ஆனால் அவர்களுக்கு வாய்த்த வானம் வேறு, சந்தை வேறு, நிலத்தின் மீதிருந்த பிடிப்பும் வேறு.

லாங்டாக்கில் கோடை வறண்டது. வடமேற்கிலிருந்து வீசும் திராமொந்தான் காற்று இலையில் ஈரம் நிற்க விடாது. திராட்சைக்கு முதல் எதிரி பூஞ்சை. அதில் பல வகைகள் ஈரமில்லாமல் பரவா. இயற்கை முறைத் திராட்சை பிரான்சிலேயே அந்தத் தெற்கு வட்டாரத்தில்தான் மிகுதி என்றால், அதில் அந்தக் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து ஓய்வும் எடுத்துக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலோ கொடிக்கு ஓய்வே கிடையாது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றிக் காய்க்க வைக்கிறோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பெருமையே அதுதான். தென்மேற்குப் பருவத்தின் சாரலும் வடகிழக்குப் பருவத்தின் மழையும் பந்தலுக்கடியில் தேங்கும்போது இலையின் அடியில் படரும் அடிச்சாம்பல் நோய் எப்படிப் பரவும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குடும்பம் மருந்தே அடிப்பதில்லை என்றும் நினைக்க வேண்டாம். மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை அவர்களும் தெளிக்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்குக் கிலோ துத்தம், கிலோ சுண்ணாம்பு என்று நம் ஊர்களில் கரைக்கிறார்களே, அதேதான். பிரான்சின் மெடோக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கப் பாதையோரக் கொடிகளில் இதைத் தெளித்து வந்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தொடாததைக் கவனித்த மில்லார்தே என்ற தாவரவியலாளர், சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். தாமிரம் மண்ணில் சேர்ந்தால் எளிதில் போகாது, மண்புழுவுக்கும் ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சராசரி ஆண்டுக்கு 4 கிலோ. மழை மிகுந்த ஆண்டில் அந்த வரம்பைத் தாண்டாமல், விளைச்சலில் ஒரு பகுதி போனாலும் போகட்டும் என்று நிற்கும் குடும்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி நிற்க அவர்களால் ஏன் முடிகிறது என்பதுதான் உங்கள் தம்பி கேட்க வேண்டிய கேள்வி.

ஒயினுக்கான பழம் அழகாக இருக்க வேண்டியதில்லை. தோலில் புள்ளி விழுந்தாலும், குலை சிறுத்தாலும் பிழிந்த பிறகு யாருக்கும் தெரியாது. பன்னீர் திராட்சை பெரும்பாலும் பழமாகவே தட்டில் போகிறது. நான்கு மணிகளில் கறை இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். அந்தக் குடும்பம் தன் பழத்தைத் தானே பிழிந்து, தன் பெயரை ஒட்டி, தன் விலைக்கு விற்கிறது. நம் ஊரில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு விலை சொல்லும் உரிமை அறுவடைக்கு முன்பே போய்விடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களிடம் ஆண்டுகள் இருக்கின்றன. புதிதாக நட்ட கொடி ஒயினுக்குப் பழம் தர மூன்று ஆண்டுகள். இருக்கும் தோட்டம் இயற்கை முறைக்கு மாறிச் சான்று பெறவும் மூன்று ஆண்டுகள், அதுவரை செலவு உண்டு, முழு முத்திரை இல்லை. இந்தியச் சான்று முறையும் பல்லாண்டுப் பயிருக்கு ஏறத்தாழ இதே காலத்தைக் கேட்கிறது. பேரன் அறுப்பான் என்று நம்புகிறவரால் இதைத் தாங்க முடியும். அந்த நம்பிக்கை அங்கேயும் தானாக வந்துவிடவில்லை. நெப்போலியனின் 1804 உரிமையியல் சட்டம் பிள்ளைகளுக்கு நிலத்தைச் சமமாகப் பங்கிடச் சொன்னதால் பல திராட்சைத் தோட்டங்கள் துண்டுதுண்டாயின. 1970-இல் வந்த ஒரு சட்டம், நிலத்தை வெட்டாமல் குடும்பம் கூட்டாக வைத்துக்கொள்ளவும், வாரிசுகள் அதில் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளவும் வழி செய்தது. உங்கள் பாகப்பிரிவினையின்போது அப்படியொரு வழியைச் சொல்ல யாரும் இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் சிங்கப்பூரையே பாருங்கள். லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் ராணுவப் பயிற்சிக்குத் தேவைப்படுகிறது என்று 2014-இல் அறிவிக்கப்பட்டது. மாற்று நிலத்துக்கு முதலில் 10 ஆண்டுக் குத்தகை என்றார்கள். பத்து ஆண்டில் போட்ட முதலை எடுக்க முடியாது என்று பண்ணையாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 2017-இல் அது 20 ஆண்டுகளாயிற்று. அவர்கள் கேட்டது நியாயம். எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாத நிலத்தில் எவரும் மண்ணுக்காகச் செலவழிக்க மாட்டார்கள்.

45 வெள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஒயினுக்குத் தீர்வை, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 750 மில்லி போத்தலுக்கு 8 வெள்ளி 58 காசு. அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, கப்பல் கட்டணம், இறக்குமதியாளர் லாபம், கடை வாடகை. மலிவு ஒயினுக்கும் அதே தீர்வைதான். ஆகவே விலையைப் பார்த்து அந்தக் குடும்பத்தைப் பணக்காரர்கள் என்று எண்ண வேண்டாம்.

தலைவலிக் கதையை நம்பாதீர்கள். தலைவலிக்குப் பலர் பழி சொல்வது, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டை. ஐரோப்பாவில் சிவப்பு ஒயினுக்கு அதன் வரம்பு பொதுவாக லிட்டருக்கு 150 மில்லிகிராம், இயற்கை முறைக்கு 100. அவ்வளவுதான் வேறுபாடு. ஆல்கஹால் எப்படி விளைந்தாலும் ஆல்கஹால். அது புற்றுநோய்க் காரணி என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஐயமில்லை. நான் அந்தத் தோட்டத்தைப் புகழ்ந்தது நிலத்துக்காக, உடல்நலத்துக்காக அல்ல.

தம்பிக்கு என் பதில்: ஆண்டுக் குத்தகை நிலத்தில் இப்போது மருந்தை நிறுத்த வேண்டாம். மூன்று ஆண்டு அவர் இழப்பைத் தாங்கி மண்ணைத் தேற்றுவார், நான்காம் ஆண்டு நிலத்துக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். நீங்கள் அனுப்பப்போகும் பணத்தை முதலில் நீண்ட குத்தகைக்குச் செலவழியுங்கள். எட்டு ஆண்டாவது எழுதி, பதிவு செய்து வாங்கச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு, பந்தலில் காற்று புகும்படி வேண்டாத தளிர்களைக் கழித்துவிட்டு, ஓரத்து இரண்டு வரிசைகளில் மட்டும், மழை குறைந்த மாதங்களின் காய்ப்பில் மற்ற மருந்துகளை விட்டுப் போர்டோ கலவையை மட்டும் தெளித்துப் பார்க்கட்டும். அந்த இரண்டு வரிசைகளின் வரவு செலவைத் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல் காய்ப்பின் கணக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.