வண்ணத்துப்பூச்சியை விட்டுவிட்டுப் பேனைப் பிடியுங்கள்

வணக்கம். ஜார்ஜிய மொழியில் வண்ணத்துப்பூச்சிக்கு ‘பெபெலா’ என்று பெயர். லத்தீனில் ‘பபிலியோ’. இவ்வளவு ஒத்திருப்பதால் இரண்டுக்கும் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். ஜார்ஜியன் சேர்ந்த கார்ட்வேலிய மொழிக் குடும்பத்தின் மூலச்சொல்லும் இதை ஒட்டித்தான் இருந்திருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

அவ்வளவு ஒத்திருப்பதுதான் என் சந்தேகமே. இத்தாலியனில் ‘ஃபர்ஃபால்லா’, எபிரேயத்தில் ‘பர்பர்’, செச்சென் மொழியில் ‘பொல்லா’. உறவில்லாத குடும்பங்கள். சிறகடிப்பதைச் சொல்லப் போனால் உதடு தானாகவே படபடக்கிறது. ஜார்ஜியனில் சிறகடிப்புக்கே ‘பர்பாட்டி’ என்று ஒரு சொல் உண்டு.

சரி, லத்தீனை விடுவோம். கார்ட்வேலியக் குடும்பத்தில் நான்கு மொழிகள்: ஜார்ஜியன், மேற்கு ஜார்ஜியாவின் மிங்ரேலியன், துருக்கியின் கருங்கடல் கரையோரம் பேசப்படும் லாஸ், காக்கசஸ் மலைப் பள்ளத்தாக்குகளின் ஸ்வான். ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டெல்லாம் ஜார்ஜியனுக்குத்தான். மற்ற மூன்றுக்கும் பழைய ஏடு கிடையாது. ஆகவே ஒலி விதிகளை வைத்துத்தான் பின்னோக்கிப் போக வேண்டும். ஜார்ஜியனில் தேன் ‘தாப்லி’, மிங்ரேலியனிலும் லாஸிலும் ‘தோபுரி’. அகரம் ஒகரமாகிறது, வேரின் கடைசி ‘ல்’ ‘ர்’ ஆகிறது. (இறுதி இகரம் வேற்றுமை உருபு.) அதேபோல எகரம் அகரமாகும்: ‘நான்’ என்பதற்கு ஜார்ஜியனில் ‘மெ’, அங்கே ‘மா’.

இப்போது உங்கள் பூச்சி. மிங்ரேலியனில் ‘பர்பாலியா’, லாஸில் ‘பர்பாலி’. எகரம் அகரமானது சரி. ஆனால் ‘ல்’ மாறாமல் நிற்கிறது. நடுவில் ஒரு ‘ர்’ வேறு புகுந்திருக்கிறது. இந்தப் பாதிப் பொருத்தத்தை நம்பி மூலச்சொல் எழுத நான் துணிய மாட்டேன்.

தெள்ளுப்பூச்சி பரவாயில்லை: ஜார்ஜியனில் ‘ர்த்ஸ்கிலி’, மிங்ரேலியனில் ‘த்ஸ்கிரி’. ‘ல்’ ஒழுங்காக ‘ர்’ ஆகியிருக்கிறது.

என்னைக் கேட்டால் பேன்தான் சுவாரசியம். ஜார்ஜியனில் ‘டிலி’, மிங்ரேலியனில் ‘டி’, லாஸில் ‘ம்டி’, ஸ்வானில் ‘டிஷ்’. (இந்த ‘ட்’ தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிக்க விடும் ஒலி, நம் எழுத்தில் அதற்கு இடமில்லை.) விதிப்படி மிங்ரேலியனில் ‘டிரி’ வந்திருக்க வேண்டும். வரவில்லை. விதி பொய்யா? ‘கை’யைப் பாருங்கள்: ஜார்ஜியனில் ‘ஹெலி’, மிங்ரேலியனிலும் லாஸிலும் ‘ஹெ’. அங்கேயும் ‘ல்’ காணாமல் போயிருக்கிறது. (எகரம் ஏன் அகரமாகவில்லை என்று கேட்பீர்கள், அது தனிக் கதை.) ஜார்ஜியனில் ‘ல்’, மிங்ரேலியனில் ஒன்றுமில்லை, ஸ்வானில் ‘ஷ்’. இதனால்தான் மூலமொழியில் சாதாரண ‘ல்’ தவிர, நாக்கின் ஓரத்தில் காற்று உரசிப் போகும் இன்னொரு ‘ல்’லும் இருந்தது என்று சிலர் கருதுகிறார்கள். நான் அந்தக் கட்சி.

பேன் சிறகடிப்பதில்லை, ரீங்கரிப்பதில்லை. ஆகவே ஒலியைப் பார்த்துப் பெயர் வைக்க வழியில்லை. எல்லோர் தலையிலும் இருந்ததால், பெயரை அண்டை வீட்டில் கடன் வாங்கவும் தேவை இருந்திருக்காது.

அப்புறம், ஜார்ஜியனில் ஈக்குப் பெயர் ‘புஸி’. அதை வைத்து அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.