இரண்டு கிட்டார் பெடலும் சேர்ந்தால் ஒலி குழம்புகிறதா? முதலில் கெயினைக் குறையுங்கள்

வணக்கம். கிட்டார் ஒலியை லேசாகக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலான டியூப் ஸ்கிரீமரையும், அதைவிடக் கடுமையாக்கும் டிஸ்டார்ஷன் பெடலையும் ஒன்றாக இயக்கினால் தாழ்ந்த கம்பிகள் கொழகொழவென்று குழம்புவதாகவும், கையை எடுத்தாலும் இரைச்சல் ஓயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் கெயின் (கரகரப்பின் அளவைக் கூட்டும் குமிழ்) முக்கால்வாசி திறந்திருக்கிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து பெடல்களை விற்றுவிடாதீர்கள்.

கிட்டாரின் ஒலி முதலில் டியூப் ஸ்கிரீமருக்குள் போகும்படி அதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள். அதன் கெயின் குமிழான டிரைவைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கி, ஒலியளவுக் குமிழான லெவலை நன்றாக ஏற்றுங்கள். அது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள நடு ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். தடித்த தாழ்ந்த ஒலி உள்ளே நுழையாததால் டிஸ்டார்ஷன் தெளிவாக ஒலிக்கும். ஆறாம் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசித்துப் பாருங்கள்: ‘தொம்’ என்று பரவிய ஒலி ‘டக்’ என்று இறுகிவிடும். எத்தனை வருடம் வாசித்தாலும் அந்த நொடி எனக்குப் பரவசம்தான்.

பிறகு டிஸ்டார்ஷனின் கெயினைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். தனியாக வாசிக்கும்போது போதாததுபோல் தோன்றும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அதுவே சரியான அளவு என்று புரியும். இரைச்சலும் பெருமளவு அடங்கும்.

ஓவர்டிரைவான டியூப் ஸ்கிரீமரை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைப்பது சோலோவில் ஒலியளவைக் கூட்ட உதவும், ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) சுத்தமான ஒலியில் இருந்தால் மட்டும். ஏற்கெனவே கெயின் ஏற்றிய ஆம்ப் என்றால் சத்தம் உயராது, ஒலி இன்னும் நசுங்கும். முன்னால் வைத்தே தொடங்குங்கள்.