மெல்லிய தகட்டில் வெப்பம் பரவும் வேகம்

கேள்வி: ஓசூரில் மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலையில் வேலை செய்கிறேன். தாளைப் போன்ற செப்புத் தகட்டில் வெப்பம் பரவும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கனத்த துண்டாக இருந்தால், ஒரு முகத்தில் ஒளித்துடிப்பைப் பாய்ச்சி, மறுமுகம் சூடேறும் நேரத்தைக் கணக்கிடும் 1961-ஆம் ஆண்டு முறையே போதும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் செப்புத் தகட்டின் மறுமுகம் தன் வெப்ப உயர்வில் பாதியை எட்ட ஏறத்தாழ 12 மைக்ரோவினாடியே ஆவதால், வழக்கமான கருவிகளின் ஒளித்துடிப்பே அதைவிட நீண்டுவிடுகிறது. ஆகவே வெப்பத்தைத் தகட்டின் பரப்பு நெடுக ஓடவிட்டு அளப்பதே நல்லது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆங்ஸ்ட்ராம் 1861-இல் உலோகத் தண்டுகளுக்கு வகுத்த வழி இதற்குப் பொருந்தும். ஓரிடத்தைச் சீரான இடைவெளியில் விட்டுவிட்டுச் சூடாக்கினால், வெப்ப அலை தொலைவு கூடக்கூட வலுக்குறைந்தும் காலம் பிந்தியும் வந்து சேரும். வினாடிக்கு ஒரு முறை சூடாக்கும்போது அந்த அலை செம்பில் சுமார் 6 மில்லிமீட்டரிலும், துருப்பிடிக்காத எஃகில் சுமார் 1 மில்லிமீட்டரிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். மெல்லிய தகடு காற்றுக்கு இழக்கும் வெப்பம் அளவீட்டை எளிதில் கெடுக்கும். எனினும் வலுக்குறைவையும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த இழப்பின் பாதிப்பு நீங்கிவிடுகிறது. இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவே என்பேன்.

அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பதானால், பளபளக்கும் முகத்தில் கிராஃபைட்டை மிக மெல்லியதாகப் பூசுங்கள். பூச்சு தடித்தால் அதன் வெப்பப் பண்பும் விடையில் கலந்துவிடும்.