முதல் குறிக்கண்ணாடி வாங்குமுன் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. என் தம்பி டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம் வேலை செய்கிறான். கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடமாகிறது. போன மாதம் முறைப்படி ஏஆர்-15 வகைத் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சனிக்கிழமைகளில் சுடும் திடலுக்குப் போய்ப் பழகுகிறான். கடையில் சிவப்புப் புள்ளி என்றும் ஆறு மடங்கு ஸ்கோப் என்றும் பலதைக் காட்டினார்களாம். 500 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறான். மூக்குக்கண்ணாடி போடுபவன். எதை வாங்கச் சொல்லட்டும்?
– வாசகி, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பினாங்கு

பதில்: தங்கச்சி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கே பழைய சுடும் திடலால்தான் அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து இப்படி ஒரு கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

கிரீன் கார்டு என்று குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நிரந்தரக் குடியிருப்பாளருக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் தம்பியைப் பார்த்து அவருடைய நண்பர்கள் யாராவது ஆசைப்பட்டால் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ராணுவத்தில், போர்ட்டிக்சனில் எம்16 துப்பாக்கி பிடித்துப் பழகியவன். முன்குறி ஒன்று, பின்குறி ஒன்று, அப்பால் இலக்கு. இந்த மூன்றையும் ஒரே கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்று லாப்பாங் சாசாரில், அதாவது சுடும் திடலில், தொண்டை கிழியக் கத்துவோம். புதுப் பையனுக்கு அது பிடிபட வாரக்கணக்கில் ஆகும். 1990களில் ஸ்டெயர் துப்பாக்கி கைக்கு வந்தது. அதன் மேலேயே 1.5 மடங்கு கண்ணாடி, உள்ளே ஒரு கறுப்பு வளையம். 300 மீட்டரில் நிற்கும் ஆள் அந்த வளையத்துக்குள் அடங்குவான். அதே பையன்கள் சில நாளில் ஒழுங்காகச் சுட ஆரம்பித்தார்கள். கண்ணுக்கு வேலை குறைந்தால் கைக்கும் மூச்சுக்கும் கவனம் போகும் என்பதை அப்போதுதான் கண்கூடாகப் பார்த்தேன்.

அதனால் உங்கள் தம்பிக்கு நான் சொல்வது, உருப்பெருக்கம் இல்லாத ரெட் டாட். உள்ளே ஒரு சிறு விளக்கு, அதன் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் பெரிய தவறு வராது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று 150 முதல் 250 டாலருக்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. ஹோலோசன், சிக் ரோமியோ5 போன்றவற்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைத்தால் தானே எரிகிற வகையாக இருக்கட்டும். புள்ளியின் பருமன் 2 எம்ஓஏ போதும். எம்ஓஏ என்பது தூரம் கூடக்கூட அகலும் ஒரு கோண அளவு. 100 கஜத்தில் அது ஏறக்குறைய 2 அங்குலத்தை மறைக்கும். 6 எம்ஓஏ என்றால் 6 அங்குலம், இலக்கின் நடுவே தெரியாமல் போகும்.

ஆறு மடங்கு ஸ்கோப் கெட்ட பொருள் இல்லை. 200, 300 கஜத்தில் சுடுகிறவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் கண்ணை மூன்று நான்கு அங்குலத் தூரத்தில் சரியாக வைக்க வேண்டும். தவறினால் ஓரமெல்லாம் கறுத்துவிடும். துப்பாக்கியில் மாட்டும் பிடிப்பானோடு சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கும். இலக்கைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். அதைப் பார்த்துப் பதறி விசையைச் சட்டென்று இழுக்கிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி போகும் திடலில் தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். 25, 50, 100 கஜம் என்றால் ரெட் டாட்தான்.

வாங்குமுன் ஒன்றை அவர் கட்டாயம் செய்ய வேண்டும். மூக்குக்கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் சிலிண்டர் பவர் இருக்கிறதா? நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் சிலாவ் என்பார்களே, அதுதான். ஒளி கண்ணுக்குள் ஒரே புள்ளியில் குவியாத குறை அது. 2014இல் கோலாலம்பூர் பிடபிள்யூடிசியில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சிக்குப் பழைய தோழரோடு போயிருந்தேன். ஒரு ரெட் டாட்டை எடுத்துப் பார்த்தால் புள்ளியைக் காணோம். சிதறிய திராட்சைக் கொத்து மாதிரி ஏதோ தெரிந்தது. கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோழர் வாங்கிப் பார்த்து, "நல்லா வட்டமாத்தானே இருக்கு" என்றார். வீடு திரும்பிப் பரிசோதித்தபோது வலக்கண்ணில் சிலாவ் இருந்தது. இருபது வருடம் மற்றவர்களுக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் கண்ணை நான் பார்க்கவில்லையே என்று அன்றிரவு வெகுநேரம் வருந்தினேன்.

தம்பி தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடையில் பார்க்கட்டும். புள்ளி கலைந்து தெரிந்தால் கைப்பேசியால் அதைப் படம் எடுக்கட்டும். படத்தில் வட்டமாக விழுந்தால் குறை கருவியில் இல்லை, கண்ணில். முதலில் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் சரிவராவிட்டால் உருப்பெருக்கம் இல்லாத, ஒரு மடங்கு பிரிசம் வகைக் குறிக்கண்ணாடி வாங்கட்டும். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கும், சிதறாது, மின்கலம் தீர்ந்தாலும் தெரியும். கண்ணைக் கொஞ்சம் கிட்டே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டும்போது திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கி, திருகின் மேலும் பிடிப்பானின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 50 கஜத்தில், மேசையில் மணல்மூட்டை வைத்து, மூன்று மூன்று தோட்டாவாகச் சுட்டுக் குறியைச் சரிசெய்யட்டும். குறியை நகர்த்தும் குமிழைத் திருகும்போது ஒரு சொடுக்கு அரை எம்ஓஏ என்றால் 50 கஜத்தில் அது கால் அங்குலம். குண்டு 4 அங்குலம் கீழே விழுந்தால் மேல்நோக்கி 16 சொடுக்கு. ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்துத் திருகக் கூடாது, மூன்றின் நடுவைப் பார்க்க வேண்டும். இந்த வகைத் துப்பாக்கியில் குறிக்கண்ணாடி குழலுக்கு மேலே சுமார் 2.6 அங்குலம் உயரத்தில் நிற்கும். ஆகவே 10 கஜத்தில் சுட்டால் குண்டு புள்ளிக்கு ஏறத்தாழ 2 அங்குலம் கீழே படும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி திருகத் தொடங்கிவிட வேண்டாம்.

500 டாலரில் மிச்சமாவதைத் தோட்டாவுக்கும், பயிற்றுநரிடம் இரண்டு வகுப்புக்கும், பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கும் கொடுக்கட்டும். ஊருக்கு வரும்போது இவற்றில் எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது, அமெரிக்காவும் குறிக்கண்ணாடிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளித் தோழியோடு காற்றுத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். 10 மீட்டருக்கு என்ன ஸ்கோப் வாங்க வேண்டும்?
– வாசகர், கிள்ளான்

பதில்: எதுவும் வாங்காதீர்கள் ஐயா. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் உருப்பெருக்கும் கண்ணாடிக்கு அனுமதியே இல்லை. பின்னால் ஊசித்துளை, முன்னால் வளையம், அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டம். பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று இந்தப் போட்டியில்தான் சுட்டார். பார்வைக் குறைக்கான லென்ஸ் மட்டும் பொருத்திக்கொள்ளலாம். காற்றுத் துப்பாக்கியும் நம் சட்டத்தில் ஆயுதம்தான், அதனால் உரிமம் பெற்ற மன்றத்தில், அவர்களுடைய துப்பாக்கியிலேயே பழகட்டும்.

வீட்டில் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். மகளை இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் அவளுடைய குறிபார்க்கும் கண். வலக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அது இடக்கண்ணாகவும் இருக்கலாம். முதல் வகுப்பிலேயே பயிற்றுநரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.