கிருமிகள் கூட்டு சேரும்போது: வாசகர் கேள்விகள்

கே: கால் புண் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டில் மூன்று கிருமிகள். லேப் குளறுபடியா? (செந்தூல்)

ப: இல்லை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவருக்குப் புண் நாள்பட்டால் மூன்று நான்கு இருப்பது சகஜம்.

கே: பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். எந்தக் கிருமி? மவுத்வாஷ் போதுமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: போதாது. ஈறு நோய் ஒற்றைக் கிருமியின் வேலையும் இல்லை. பல்லில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள்; ஃபியூசோபாக்டீரியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவற்றுக்கும் இடம் பிடித்துத் தரும். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸும் ட்ரெபோனிமா டென்டிகோலாவும் அப்படி வருபவைதாம். முன்னது கழிக்கும் ஐசோபியூட்டிரிக் அமிலம் பின்னதை வளர்க்கும், பின்னதன் சக்சினிக் அமிலம் முன்னதை. காரையைச் சுரண்டி எடுக்கப் பல் டாக்டரிடம் போங்கள்.

கே: அப்பாவின் கால் புண்ணில் ஆண்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவுகிறோம். நாற்றம் போகவில்லை. வேறு எந்தக் கேப்ஸ்யூல் நல்லது? (ஜார்ஜ்டவுன்)

ப: எதுவும் இல்லை. இந்தத் தூள் தூவும் பழக்கத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இன்னும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. மேலே இருக்கும் கிருமிகள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. காற்றே ஆகாத கிருமிகள் அதனால்தான் அடியில் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. அந்த நாற்றம் பெரும்பாலும் அவற்றுடையது. கூட்டத்தில் ஒன்று பென்சிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைமைச் சுரந்தால் போதும், பென்சிலினில் சாக வேண்டிய பக்கத்துக் கிருமியும் தப்பிவிடும். நீங்கள் தூவும் தூள் அடிவரை போகாது. மேலே காய்ந்து மஞ்சள் ஓடாகிப் புண்ணை மறைக்கும், அவ்வளவுதான். டாக்டர் அதைக் கழுவி, செத்த சதையை நீக்கி, ஆழத்திலிருந்து சாம்பிள் எடுத்தால்தான் சரியான மருந்து தெரியும். கால் மரத்துப்போனவருக்கு வலியும் தெரியாது. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கூட்டிப் போங்கள். மீந்த மருந்தைத் தொடாதீர்கள்.

கே: பிளட் அகாரில் (ரத்தம் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டு) ஹீமோஃபிலஸ் கிருமி ஏன் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைத் தடவிய கோட்டை ஒட்டி மட்டும் வளர்கிறது? (மாணவி, கோலாலம்பூர்)

ப: நல்ல கேள்வி. ஹீமோஃபிலஸ் வளர வேண்டிய வி ஃபேக்டர், அதாவது என்ஏடி என்ற பொருள், ஸ்டாஃபிலிடமிருந்து கசிகிறது. கோட்டருகே குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள் இருக்கும்; தள்ளிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கே: ஃபுளு தேறி நாலு நாளில் மறுபடி காய்ச்சல், சளி. பழைய மாத்திரை இருக்கிறது. (பாயான் லெப்பாஸ்)

ப: மீந்த மருந்தைத் தொடாதீர்கள்! வைரஸ் புண்ணாக்கிய மூச்சுக்குழாயில் நிமோகாக்கஸ் என்ற நிமோனியா பாக்டீரியா எளிதாக இறங்கும். 1918 ஃபுளுவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்த பாக்டீரியா நிமோனியாவால்தான் போனார்கள். இன்றே கிளினிக்.

கே: அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வருகிறது. என்ன சாப்பிடலாம்?

ப: எங்கே வருகிறது? வயது என்ன? இனிப்பு நீர் உண்டா? ஊர்கூட எழுதவில்லை. முழுதாக எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.